நடந்து போறப்ப வண்டி மோதிட்டா நஷ்டஈடு வாங்குறது எப்படி

மோதினவர் இறங்கி வந்து "ஸாரிங்க, ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன், போலீஸ் எல்லாம் எதுக்கு"ன்னு எவ்ளோ தன்மையா பேசினாலும் சரி, போலீசுக்கு சொல்லாம அவரை அனுப்பிடாதீங்க. அடுத்த வாரம் போன் எடுக்கலன்னா உங்ககிட்ட மிச்சம் இருக்கறது வலி மட்டும்தான்.

அடிபட்டு கிடக்கறவரால எதுவும் முடியாது, அதனால கூட இருக்கறவங்கதான் வண்டி நம்பர், வண்டி நின்ன இடம், டயர் தடம், சிக்னல் எல்லாத்தையும் போட்டோ எடுக்கணும், நேர்ல பாத்தவங்க போன் நம்பர் வாங்கிக்கணும். பக்கத்துல சிசிடிவி இருந்தா உடனே போய் கேளுங்க, பல கேமராவுல பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும், நீங்க போறப்ப ஒன்னும் இருக்காது.

வலி இல்லன்னாலும் டாக்டரை பாத்தே ஆகணும், தலையில அடிபட்டா உள்ள ரத்தம் கசியுறது சில சமயம் நாள் கழிச்சுதான் தெரியும். இதுல பலர் கவனிக்காத விஷயம் ஒன்னு இருக்கு: முதல் ஆஸ்பத்திரி சீட்டுல "கீழே விழுந்தார்"னு எழுதிட்டா போச்சு, மோதின வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஒரு வரியையே புடிச்சுக்கும். "வண்டி மோதினது"ன்னு எழுதியிருக்கான்னு படிச்சு பாருங்க.

பில், மருந்து சீட்டு, ஸ்கேன், ஆஸ்பத்திரிக்கு போன டாக்சி செலவு, லீவுல போன சம்பளம் எல்லாத்துக்கும் பேப்பர் வேணும். சொந்த தொழில்னா பேங்க் ஸ்டேட்மென்ட், வரி கணக்கு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கொஞ்ச நாள்லயே இன்சூரன்ஸ்ல இருந்து போன் வரலாம், ஒரு தொகை சொல்லி கையெழுத்து கேப்பாங்க, செலவு நெருக்கற நேரம்ங்கறதால அது பெருசா தெரியும். போடாதீங்க. "இதோட முடிஞ்சது"ன்னு கையெழுத்து போட்டப்புறம், கால்ல வெச்ச பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னா அந்த செலவு பெரும்பாலும் உங்க தலையிலதான். இதுக்கு மேல எவ்ளோ குணமாகும்னு டாக்டர் சொல்றவரைக்கும் செட்டில்மென்ட் வேண்டாம்.

ஆனா கிளைம் போடுறதையும் சேத்து தள்ளிப் போட்டுடாதீங்க, அது வேற இது வேற. இந்தியாவுல 2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மோட்டார் வாகன சட்டத் திருத்தப்படி விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மோட்டார் விபத்து நஷ்டஈட்டு தீர்ப்பாயத்துல மனு போடணும் (இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வழக்கு இருக்கு, அதை நம்பி உக்காராதீங்க). இங்கிலாந்து, சிங்கப்பூர்ல பொதுவா 3 வருஷம், கனடாவோட ஒன்டாரியோ, அமெரிக்காவோட கலிபோர்னியாவுல 2 வருஷம், அதே கலிபோர்னியாவுல மோதினது அரசாங்க வண்டின்னா 6 மாசம்.

"நீங்கதான் குறுக்க வந்தீங்க"ன்னு எப்படியும் சொல்லுவாங்க. நிறைய இடத்துல உங்க தப்பு எவ்ளோவோ அந்த சதவீதம்தான் குறையும், பயந்து விட்டுடாதீங்க. ஒன்டாரியோவுல தன் மேல தப்பில்லன்னு டிரைவர்தான் நிரூபிக்கணும். பிரான்ஸ்ல 1985 சட்டம் நடந்து போறவங்க பக்கம் இன்னும் அதிகமாவே நிக்குது. அமெரிக்காவுல வர்ஜீனியா, வட கரோலினா மாதிரி சில மாநிலம் மட்டும் கொடுமை, உங்க தப்பு துளி இருந்தாலும் மொத்தமும் போயிடலாம்.

மோதிட்டு ஓடிட்டான், நம்பர் தெரியலன்னாலும் வழி இருக்கு. பிரிட்டன்ல இன்சூரன்ஸ் கம்பெனிங்க பணத்துல நடக்கற மோட்டார் இன்சூரர்ஸ் பீரோங்கற அமைப்புகிட்ட கேக்கலாம், இந்தியாவுல அரசு நிதியில இருந்து உயிர் போயிருந்தா 2 லட்சம், பெரிய காயம்னா 50,000 ரூபாய் கிடைக்கும். கம்மிதான், ஆனா அதுக்கும் போலீஸ் பதிவு வேணும்.

வக்கீலை நீங்களா விசாரிச்சு தேடுங்க, ஆஸ்பத்திரி வாசல்ல கார்டு நீட்டுறவங்க வேண்டாம். அமெரிக்காவுல கிடைக்கற பணத்துல பங்கு வாங்குறது சகஜம், இந்தியாவுல அது வக்கீல்கள் விதிப்படியே தப்பு, இருந்தும் கேக்கறவங்க இருக்காங்க. எங்க இருந்தாலும் பீஸ் எவ்ளோன்னு எழுத்துல வாங்கிடுங்க, வெத்து பேப்பர்ல கையெழுத்து கேட்டா எழுந்து வந்துடுங்க.