பினாங்குத் தீவில் மாநகர் மன்றத்தை அணுகுவது எப்படி: புகார், வீட்டு வரி, அடுக்குமாடிச் சிக்கல்கள்

எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) பின்சந்தில் ஓடும் கால்வாய் அடைபட்டு, மழை பெய்த ஒவ்வொரு முறையும் சமையலறை வாசல்வரை தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்று முறையும் "சம்பந்தப்பட்ட தரப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதில்தான் கிடைத்தது. இரண்டரை மாதம் கழித்துத்தான் அந்தக் கால்வாய் அவர்களுடைய பராமரிப்பிலேயே இல்லை என்பது தெரியவந்தது. உரிய இடத்தில் கொடுத்த பிறகு எட்டே நாளில் மண் அள்ளப்பட்டது. இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழுதான பொருள் யாருடையது என்று கேட்டறியாமல் எழுதியது எங்கள் பிழைதான்.

ஆகவே புகார் எழுத உட்காரும் முன் அதைத்தான் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தீவு முழுவதும் எம்பிபிபி என்று நாம் அழைக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்தை நாட வேண்டும். குடியிருப்புச் சாலைகள், சாலையோரக் கால்வாய்கள், குப்பை, பூங்கா, சந்தை, அங்காடிக் கடை உரிமம் ஆகியவை மன்றத்தின் பொறுப்பு. துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலை போன்ற கூட்டரசுச் சாலைகளில் பள்ளம் விழுந்தால் அது ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறையின் வேலை. ஆறும் ஆற்றோடு சேர்ந்த பெரிய வடிகால்களும் ஜேபிஎஸ் எனப்படும் வடிகால் நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்தவை. குழாய்த் தண்ணீருக்குப் பினாங்கு நீர் விநியோக வாரியம், மின்தடைக்குத் தெனாகாவின் 15454, பொதுக் கழிவுநீர்க் குழாய் பொங்கினால் இண்டா வாட்டர். குப்பை விஷயத்தில் கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் சொல்லும் வழிமுறை இங்கே செல்லாது. அங்கே 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்படி தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட பணியை, அச்சட்டத்தை ஏற்காத பினாங்கில் மன்றங்களே செய்துவருகின்றன.

புகார் எழுதுவது

நீண்ட கடிதம் தேவையில்லை. எங்கே, என்ன, எப்போதிலிருந்து என்ற மூன்றும் இருந்தால் போதும். "எங்கள் வீட்டருகே" என்று எழுதாமல் சாலைப் பெயர், வீட்டு எண், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்; தெருவிளக்கு எரியவில்லை என்னும் புகாருக்குக் கம்ப எண்ணே முகவரி. ஒரு படம் கிட்டத்திலும், இன்னொன்று சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலும் எடுத்து இணைக்கலாம். தமிழில் பேசும் அலுவலர் முகப்பில் இருக்கலாம். ஆனால் கோப்பு மலாயில்தான் நகரும். ஆகையால் எளிய மலாயில் எழுதுவதே நல்லது. இறுதியில் "மொஹொன் பெரிக்சா டான் பைக்கி" என்று ஒரு வரி சேர்த்தால், சோதித்துச் சரிசெய்யும்படி கேட்கிறோம் என்பது ஐயமின்றி விளங்கும்.

ஜார்ஜ்டவுனின் கொம்தார் கட்டடத்தில் உள்ள மன்றத்தின் முகப்புக்கு நேரில் சென்றாலும் இணையத்தில் பதிந்தாலும், புகார் எண்ணை வாங்காமல் விடக்கூடாது. எண் இல்லாத புகார் வாய்ச்சொல்லுக்குச் சமம். இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் புதிய புகார் கொடுப்பதைவிட, பழைய எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுவதே மேல். புதிய புகார் வரிசையின் கடைசியில் போய் நின்றுவிடும்.

அதற்கும் பலனில்லை என்றால், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மாநகர் மன்ற உறுப்பினரை அணுகலாம். இவர்கள் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அல்லர். ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமான சட்டம் 171-இன்படி உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 24 பேருக்கு மேல் கூடாது. 1957-இல் நகரத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன் என்பதும், பழைய ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதும், அந்த வழியே தினமும் போய்வரும் நம்மவர் பலருக்கே தெரிவதில்லை. நியமன உறுப்பினரை வாக்கால் கேள்வி கேட்க முடியாது என்பதால், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புவது வீண் வேலையல்ல. இன்னொன்றும் உண்டு: சட்டம் 171-இன்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது.

மதிப்பீட்டு வரி

"சுக்காய் பிந்து" என்று வீட்டில் பேசப்படும் மதிப்பீட்டு வரியையும், நில அலுவலகத்துக்குக் கட்டும் நில வரியையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். மதிப்பீட்டு வரி மன்றத்துக்கு உரியது; ஆண்டுக்கு இரு தவணை. முதல் தவணையைப் பிப்ரவரி முடிவதற்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்டு 31-க்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் முதலில் கோரிக்கை அறிவிப்பு வரும். அதையும் பொருட்படுத்தாவிட்டால், வீட்டிலுள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்ற ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. பில் வரவில்லை என்பது சாக்காகாது.

தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எதிர்க்க முடியும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக என்ன கிடைக்கும் என்ற மதிப்பே ஆண்டு மதிப்பு. நீங்களே குடியிருந்தாலும் கணக்கு அதுதான். அந்த மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடு வரியாகிறது. சட்டப்படி இது 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கணக்கு விளங்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: மாத வாடகை 1,000 ரிங்கிட் என மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட், விகிதம் 8 விழுக்காடு என்றால் ஆண்டு வரி 960, ஒரு தவணைக்கு 480 ரிங்கிட்.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராகும்போது மன்றம் அறிவிப்பு அனுப்பும். அதை உறையோடு அலமாரியில் செருகிவைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரும் தவறு. ஆட்சேபத்தை எழுத்து மூலமாக, பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். "நான் ஓய்வூதியக்காரர்", "எங்கள் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது" போன்றவை மனத்தை உருக்கலாம். ஆனால் அவை ஆட்சேபத்துக்குச் சட்டம் ஏற்கும் காரணங்கள் அல்ல. உங்கள் வீடு அதன் உண்மையான வாடகை மதிப்பைவிடக் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் காரணம். அதற்குச் சான்று வேண்டும். அதே வரிசையில் அதே அளவுள்ள வீடுகளின் வாடகை ஒப்பந்த நகல்களே வலுவானவை. மன்றத்தின் பதிவில் உங்கள் வீட்டின் பரப்பளவு சரியாக இருக்கிறதா, கட்டாத பின்கட்டு கட்டியதாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாறாக, அனுமதியின்றி நீட்டிய கூரை ஏதும் இருந்தால், ஆட்சேபத்தால் அதுவும் வெளிச்சத்துக்கு வரலாம் என்பதை யோசித்துவிட்டே இறங்குவது நல்லது. பரிசீலனையின் முடிவு திருப்தி தராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியுண்டு. ஒரு சாதாரண மாடி வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பில் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வரியை யார் கட்டினாலும் மன்றம் வாங்கிக்கொள்ளும் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆட்சேபம், விற்பனை என்று வரும்போதுதான் சிக்கல் புரிகிறது. மன்றத்தின் பதிவில் பெயர் மாற்றுவது உரிமை மாற்றம் ஆகாது. முதலில் சொத்துப் பங்கீட்டை முடித்து நிலப்பட்டாவில் பெயரை மாற்ற வேண்டும். சிறிய சொத்தாக இருந்தால் "பூசாக்கா கெச்சில்" முறையில் விண்ணப்பிக்கலாம். கைமாறிய மூன்று மாதத்துக்குள் அதை மன்றத்துக்கு அறிவிக்கும் கடமை, விற்றவர் வாங்கியவர் இருவருக்குமே உண்டு.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

மின்தூக்கி நின்றாலோ மாடிப்படி விளக்கு எரியாவிட்டாலோ மன்றத்தை அழைப்பதில் பயனில்லை. அது கட்டடத்தின் கூட்டு நிர்வாக அமைப்பின் வேலை. அந்த அமைப்பே செயல்படாவிட்டால்தான் மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம் போக வேண்டும்.

மேல்வீட்டிலிருந்து கூரையில் ஒழுகும் தண்ணீர்தான் அண்டை வீட்டாரை ஆயுள் பகையாளிகளாக்குகிறது. இதற்கு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமான சட்டம் 757-இன் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிகளில் தெளிவான வழி இருக்கிறது. நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்தால், அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாளுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு 28-ஆம் படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, கசிவு மேல்வீட்டைச் சேர்ந்தது என்றே விதி கருதுகிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிற்கும். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.

பந்தல் போடுவதற்கு முன்

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலானாலும் கல்யாண வீட்டுக் கூடாரமானாலும், பொதுச் சாலையில் கால் ஊன்றினால் மன்றத்தின் அனுமதி வேண்டும். போக்குவரத்தைத் தடுத்தால் காவல் துறையின் அனுமதியும் சேரும். தண்ணீர்மலைச் சாலையில் இடம் கேட்பவர்கள் பலர் என்பதால், மார்கழி பிறக்கும்வரை காத்திருக்காமல் விண்ணப்ப அறிவிப்பை விசாரித்து வைக்க வேண்டும். இறப்பு வீட்டுக் கூடாரத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. சேவை மையம் மூலமாக அன்றே கடிதம் கொடுத்துவிடலாம். இரு அனுமதிகளின் நகலையும் ஒரு நெகிழி உறையில் போட்டுக் கூடாரக் கம்பத்தில் கட்டிவைத்தால், அமலாக்க அதிகாரி வரும்போது வீட்டுக்காரரைத் தேடி உள்ளே ஓட வேண்டியிராது.