பில்ட் உடைந்தால் முதல் எரரிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் பழைய சி நிரல் ஒன்றைக் கம்பைல் செய்ய உட்கார்ந்தேன். அதில் கடைசியாக யாரோ கை வைத்தது 2009இல். மேக் (நிரலைக் கட்டித் தரும் கருவி) என்று தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு. கடைசி வரியில் 'எரர் 2' என்று மட்டும் இருந்தது. புதியவர்கள் பலரும் இந்த ஒரு வரியை நகலெடுத்துத்தான் உதவி கேட்கிறார்கள். அந்த வரியில் ஒன்றுமே கிடையாது. நான் ஓட்டிய கட்டளை தோற்றுவிட்டது என்று மேக் கையைத் தூக்குகிறது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது முதல் எரர். ஒரு ஹெடரில் (பல கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் அதைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஐம்பது புகார் வரும். அந்த முதல் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினால் மீதி தானாகக் காணாமல் போகும். மேக்கை ஒரே ஒரு வேலையாக, அதாவது ஜே 1 என்று ஓட்டுங்கள். எட்டு வேலை ஒன்றாக ஓடினால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி வரிகள் கலந்துவிடும். வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்க்ரோல் செய்து தேடுவது கண்ணுக்குத் தண்டனை.

எனக்கு வந்த முதல் எரர், ஹெடர் கோப்பு இல்லை என்பது. லைப்ரரிதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். நிரலை ஓட்டுவதற்கான பொதி வேறு, கம்பைல் செய்வதற்கான பொதி வேறு. டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் 'டெவ்' என்று முடியும், ஃபெடோராவில் 'டெவெல்'. எந்தப் பொதியில் அந்த ஹெடர் இருக்கிறது என்பதை முன்னதில் ஆப்ட்-ஃபைல், பின்னதில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் சொல்லிவிடும்.

கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றுவிட்டால், திரையில் வரும் செய்தியை முழுசாக நம்பாதீர்கள். 'சி கம்பைலரால் எக்ஸிக்யூட்டபிள் உருவாக்க முடியவில்லை' என்று அது சொல்லும்போது கம்பைலர் நன்றாகவே இருக்கலாம். கம்பைலருக்கு நீங்கள் கொடுத்த ஃபிளாகில், அதாவது கூடுதல் குறிப்பில், ஓர் எழுத்துப்பிழை இருக்கலாம். உண்மைக் காரணம் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கும். அதன் கடைசியில் மாறிகளின் நீண்ட பட்டியல் வரும். அதற்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். கான்ஃபிகருக்குப் பதில் சிமேக் கருவி என்றால், சந்தேகம் வந்த உடனே பில்ட் அடைவை மொத்தமாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அதில் சேமித்து வைத்த பழைய கேஷ் பல மணி நேரத்தைத் தின்றுவிடும்.

சரி, ஹெடர் கிடைத்தது. அடுத்து வந்ததுதான் விஷயமே: எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்டப் ஃபங்ஷனுக்கு அறிவிப்பு இல்லை. 2024இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பில் இது எரர். அதற்கு முந்தைய பதிப்புகளில் வெறும் வார்னிங். முன்பு கம்பைல் ஆன நிரல் இப்போது ஆகவில்லை என்றால் முதலில் கம்பைலரின் பதிப்பைப் பாருங்கள். ஜிசிசி 10இல், ஹெடருக்குள் எக்ஸ்டர்ன் போடாமல் அறிவித்த குளோபல் மாறிகளை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று தள்ள ஆரம்பித்தது. ஜிசிசி 15இல் சி மொழியின் புதிய தரமான சி23 இயல்பாகிவிட்டது; பூல் அதில் மொழியின் சொந்தச் சொல். பூல் என்ற பெயரில் சொந்தமாக டைப் வைத்திருந்த பழைய நிரல்கள் அங்கே தடுக்கி விழுகின்றன.

ஆனால் இங்கே ஹெடரை ஒழுங்காகவே சேர்த்திருந்தார்கள். பிறகு ஏன்? மேக்குக்கான குறிப்புகள் உள்ள மேக்ஃபைலில் சி99 தரம் என்று கறாராகக் கேட்டிருந்தது. எஸ்டிஆர்டப் சி99இல் கிடையாது, அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் சரக்கு. அதனால் ஹெடர் அதை மறைத்துவிடுகிறது. சி99 என்பதை, அதோடு கூடுதல் வசதிகளையும் தரும் க்னு99 என்று மாற்றினேன், முடிந்தது.

பெர்மிசிவ் ஃபிளாக் போட்டு எரரைத் திரும்ப வார்னிங்காக இறக்கவும் முடியும். இந்த இடத்தில் அதைச் செய்யாதீர்கள்; நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே வார்னிங்கை வேறொரு நிரலில் கண்டுகொள்ளாமல் விட்டேன். கம்பைல் ஆனது, ஓட்டியதும் விழுந்தது. இரண்டு ராத்திரி பிழை தேடும் கருவியான ஜிடிபியுடன் போராடிய பிறகு கண்ணில் பட்டது: ஹெக்ஸில் 12 இலக்கம் இருக்க வேண்டிய பாயிண்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) கடைசி 8 இலக்கம் மட்டும் இருந்தது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தருவதாகக் கம்பைலர் வைத்துக்கொள்ளும். 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்படும். அதற்கு முன் அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது எப்படி? பழைய பில்டில் ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) தாழ்வான முகவரியில் இருந்தது, வெட்டினாலும் இழப்பில்லை. நிரலை எந்த முகவரியிலும் ஏற்ற விடும் பிஐஇ முறை இயல்பானதும் ஹீப் மேலே போய்விட்டது. அதிர்ஷ்டம் தீர்ந்தது.

எல்லா வார்னிங்கும் இவ்வளவு கடுமையில்லை. 'ஒருவேளை மதிப்பு தரப்படாமல் இருக்கலாம்' என்பது சில நேரம் பொய்யாகவே வரும். வார்னிங்குகளை எல்லாம் எரராக்கும் டபிள்யூ-எரர் ஃபிளாகை மற்றவர்களுக்கு வெளியிடும் தொகுப்பில் வைப்பது, என்னைக் கேட்டால், தப்பு. அடுத்த கம்பைலர் ஒரு புது வார்னிங் சேர்த்ததும் யாராலும் பில்ட் செய்ய முடியாது. அங்கே மட்டும் நோ-எரர் என்று தாராளமாகத் தளர்த்துங்கள்.

லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் லைப்ரரிகளின் வரிசையைப் பாருங்கள். கேட்கிற கோப்பு முன்னால், கொடுக்கிற லைப்ரரி பின்னால். பெரிய சி++ நிரலில் திடீரென்று 'கில்ட்' என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் நினைவகம் தீர்ந்த கதை. ஜே எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்.

எஸ்டிஆர்டப் திருத்தம் மொத்தம் ஒரே வரி. இன்னொரு கம்பைலரான கிளாங்கிலும் ஒருமுறை பில்ட் செய்து பார்த்துவிட்டு, ஜிசிசி பதிப்பு, முதல் எரர், மாற்றியதன் காரணம் மூன்றையும் எழுதிப் பேட்சாக அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.