வகுப்பறையில் கைப்பேசியையும் டேப்லெட்டையும் பாடத்துக்குத் துணையாக்குவது எப்படி?

கைப்பேசியையோ டேப்லெட்டையோ வகுப்பறைக்குள் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர், எந்தச் செயலி நல்லது என்று தேடத் தொடங்குவதற்கு முன், வெறும் கண்ணாலும் கையாலும் செய்ய முடியாத எதை மாணவர்கள் அந்தக் கருவியைக் கொண்டு செய்யப் போகிறார்கள் என்பதைப் பாடக்குறிப்பில் ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வரி அமையவில்லை என்றால் அன்றைய பாடத்துக்குக் கரும்பலகையே போதும். பாடநூல் பக்கத்தையே திரையில் காட்டுவதற்காகக் கருவியைக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

தடையின்றி விழும் பொருளின் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து ஏறத்தாழ 0.45 விநாடியில் தரையைத் தொட்டுவிடுகிறது. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே ஏறத்தாழ 0.2 விநாடி என்பதால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. பல கைப்பேசிகளில் உள்ள ஸ்லோ மோஷன் வசதியோ விநாடிக்கு 240 ஃபிரேம்களை, அதாவது தனித்தனி நிலைப்படங்களை, பதிவு செய்கிறது. நல்ல வெளிச்சத்தில் மீட்டர் அளவுகோலைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி, அதன் நடுப்பகுதிக்கு நேரான உயரத்தில், பார்க்கும் கோணத்தால் அளவு மாறித் தெரியும் இடமாறு தோற்றப்பிழை குறையும்படி இரண்டு மீட்டராவது தள்ளிக் கைப்பேசியை அசையாமல் பொருத்திவிட்டு, அளவுகோலை ஒட்டிப் பந்தை விடச் சொல்லுங்கள். கையில் பிடித்துக்கொண்டு எடுத்த பதிவு அளவீட்டுக்கு உதவாது. பிறகு பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, 24 ஃபிரேம்களுக்கு ஒருமுறை, அதாவது 0.1 விநாடிக்கு ஒருமுறை, பந்து இருக்கும் இடத்தைக் குறித்தால், விட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 5, 20, 44, 78 செ.மீ. என்ற தொலைவுகள் கிடைக்கும். நேரம் இருமடங்காகும்போது தொலைவு நான்கு மடங்காவதைச் சூத்திரம் சொல்லித் தருவதற்கு முன்பே மாணவர் தம் நோட்டில் கண்டுகொள்வார். இதற்காகவே கருவியைக் கையில் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். சில கைப்பேசிகள் குறைவான ஃபிரேம்களைப் பதிவு செய்துவிட்டு இடைப்பட்டவற்றைத் தாமே உருவாக்கி நிரப்பிக்கொள்வதால், ஆசிரியர் முந்தைய நாளே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.

மொழிப்பாடத்தில் ஒலிப்பதிவு ஒன்றே போதும். மாணவர் ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பதிவு செய்து, தாமே கேட்டு, ல, ள, ழ எங்கே தடுமாறின என்று நூலில் அடிக்கோடிட்டு, மீண்டும் பதிவு செய்யட்டும். மற்றவர் திருத்தும்போது வரும் கூச்சம் இதில் இல்லை.

ஆளுக்கொரு கருவி வேண்டும் என்பதில்லை. மூவருக்கு ஒன்று இருப்பதே பேச்சையும் விவாதத்தையும் வளர்க்கிறது. ஒருவர் இயக்க, ஒருவர் அளவிட, ஒருவர் எழுத, ஒவ்வொரு சுற்றிலும் பொறுப்பு மாற வேண்டும். இல்லையெனில் கைப்பழக்கம் உள்ளவரே கடைசிவரை கருவியை வைத்துக்கொள்வார். ஆசிரியரிடம் மட்டுமே கைப்பேசி இருந்தாலும் வழி உண்டு: பிளிக்கர்ஸ் செயலியில் மாணவர்கள் அச்சிட்ட அட்டையை விடைக்கு ஏற்பத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் கேமரா எல்லோருடைய விடையையும் படித்துக்கொள்கிறது.

வேண்டிய காணொளிகளை முன்கூட்டியே பதிவிறக்கி, சார்ஜ் ஏற்றி, இணையம் தேவையில்லாத பாடவேளையில் கருவியை ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங், ஐபேடில் கைடட் ஆக்சஸ் ஆகியவை ஒரே செயலியில் திரையை நிறுத்திவைக்கும். ஆசிரியர் விளக்கும்போது எல்லாக் கருவிகளும் மேசைமேல் கவிழ்ந்திருக்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுவது நல்லது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் கரும்பலகையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கவும், திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் (ஆண்ட்ராய்டு) அல்லது வாய்ஸ்ஓவர் (ஐபேட்) மூலம் அதிலுள்ளதைக் கேட்கவும் இதே கருவி பயன்படும் என்பதால், அவருக்கு மட்டும் கவிழ்த்துவைக்கும் விதியைத் தளர்த்த வேண்டும். மாணவர்களின் முகமோ குரலோ பதிவாகும் எந்தச் செயல்பாட்டுக்கும் பெற்றோரின் ஒப்புதலை முன்பே பெற்று, மதிப்பீடு முடிந்ததும் அப்பதிவுகளைக் கருவியிலிருந்தும் கிளவுட் சேமிப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள்.