காருக்கு சீலன்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? பாட்டிலை விடுங்கள், பானெட்டைப் பாருங்கள்

சீலன்ட் என்பது கார் பெயின்ட் மேல் தடவுகிற பாதுகாப்புப் பூச்சு. அதன் பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும், ஒரு வருடம் தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கணக்கு உங்கள் காருக்குப் போட்ட கணக்கு இல்லை. ஒரே நாளில், ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கார்களுக்குப் போட்டாலும், கூரைக்குக் கீழே நிற்கிற காருக்கு ஏழெட்டு மாதம் வரை தாங்கலாம், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறதுக்கு மூன்றாம் மாதமே தேய ஆரம்பித்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே விடை: வெளியில் நிற்கும் கார் என்றால் மூன்றிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நிழலில் நிற்கும் கார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இது பாலிமர் என்கிற செயற்கைப் பொருளில் செய்த சாதாரண சீலன்ட்டுக்கு. மெழுகில் செய்த வேக்ஸ் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம்தான். கழுவியதும் தெளித்துத் துடைக்கிற ஸ்ப்ரே வகை ஒன்றிலிருந்து மூன்று மாதம். செராமிக் கோட்டிங் வருடக் கணக்கில் வரும், அது தனிக்கதை.

ஆனால் இதைவிட நல்ல வழி, காரையே பார்த்துத் தெரிந்துகொள்வது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், எதைக் காப்பாற்றுகிறோம்?

கார் பெயின்ட்டில் நிறம் இருப்பது அடியில். அதற்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று ஒரு அடுக்கு உண்டு. பெரும்பாலான கார்களில் அது சுமார் 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிட மெலிது. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும், போனது திரும்பாது. சீலன்ட் அதற்கும் மேலே உட்காரும் ஒரு மெல்லிய படலம். வெயில், பறவை எச்சம், அழுக்குத் தண்ணீர் எல்லாம் முதலில் இந்தப் படலத்தைத் தின்னட்டும், கிளியர் கோட் தப்பிக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. தேயத்தான் அதைப் போடுகிறோம், அதனால் தேய்ந்துவிட்டதே என்று வருத்தப்படத் தேவையில்லை. கீறலை அது தடுக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், தடுக்காது.

சீக்கிரம் தேய வைப்பவை எவை? வெயிலின் புற ஊதாக் கதிர், பானெட்டின் அடியிலிருந்து வரும் இன்ஜின் சூடு, காரத்தன்மை அதிகமுள்ள சோப்பு, பிரஷ் சுழலும் இயந்திரக் கழுவல், பனி விழும் ஊர்களில் சாலையில் தூவும் உப்பு, கடல் காற்று. இதில் நம் கையில் இருப்பது சோப்பும் கழுவும் முறையும்தான். பாத்திரம் கழுவும் சோப்பை காருக்குப் போடுபவர்கள் சீலன்ட் நிற்கவில்லை என்று குறை சொல்வதில் நியாயமே இல்லை.

படி 1: தண்ணீர் சோதனை

காரை வேக்ஸ் கலக்காத சாதாரண கார் ஷாம்புவில் கழுவுங்கள். வேக்ஸ் கலந்த ஷாம்பு என்றால் அதுவே தற்காலிகமாகத் தண்ணீரை உருட்டிக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். நுரை துளிகூட இல்லாமல் அலசியதும், பானெட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள்.

சீலன்ட் உயிரோடு இருந்தால் துளிகள் சின்னதாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும். தேய ஆரம்பித்திருந்தால் துளிகள் பெருத்து, ஓரம் நெளிந்து, தட்டையாகப் படுத்திருக்கும். முழுக்கப் போயிருந்தால் துளியே இருக்காது, தண்ணீர் ஒரு விரிப்பாகப் பரவி அப்படியே தேங்கும். அடுத்து ஹோஸ் பைப்பின் முனையைக் கழற்றிவிட்டு தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் தானாகவே ஒன்றுகூடி வழிந்து, பின்னால் கிட்டத்தட்ட காய்ந்த பரப்பை விட்டுச் செல்லும்.

இதே சோதனையை கூரை, டிக்கி மூடி, கதவின் மேல்பாதி, கதவின் கீழ்ப்பாதி என்று தனித்தனியாகச் செய்யுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை, பானெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். வெயில் நேராக விழும் இடங்கள்தான் முதலில் தேயும், அப்புறம் சக்கரம் சேற்றை அடிக்கிற கீழ்ப்பகுதி, கதவுகளின் மேல்பாதி கடைசியில். அதனால் ஒவ்வொரு முறையும் முழுக் காருக்கும் போட வேண்டிய கட்டாயமே இல்லை. பானெட், கூரை, டிக்கி மூன்றுக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பக்கவாட்டுக்கு எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று பிரித்துக்கொண்டால் பக்கவாட்டு வேலையில் பாதி மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. துளி நிற்கவில்லை என்றால் சீலன்ட் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சில சமயம் சாலைப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே படிந்து அதை மூடியிருக்கும். நன்றாக இன்னொரு முறை கழுவிப் பார்த்தால் துளிகள் திரும்ப வரும். பளபளப்பையும் அளவுகோலாக எடுக்க வேண்டாம், சீலன்ட் சுத்தமாகப் போன பிறகும் நல்ல பெயின்ட் பளபளக்கத்தான் செய்யும்.

படி 2: பரப்பைத் தயார் செய்வது

போட வேண்டும் என்று முடிவாகிவிட்டதா? சரி, இப்போது இரண்டு வாளி எடுங்கள், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புவில் முக்குங்கள். மேலிருந்து கீழே கழுவி, மைக்ரோஃபைபர் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

இனி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானெட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பெல்லாம் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும், சில கார்களில் மணல்காகிதம் போலவே உறுத்தும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், தார்ப்புள்ளி, மரப்பிசின், இதெல்லாம் கழுவினால் போகாது. இதன் மேலேயே சீலன்ட் போட்டால் அது பெயின்ட்டில் ஒட்டாமல் அழுக்கின் மேல் ஒட்டும், பாட்டிலில் போட்டிருக்கும் காலத்தில் பாதிகூட நிற்காது.

சொரசொரப்பு இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற மென்மையான கட்டி. உள்ளங்கை அளவுக்குத் தட்டி, அதற்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் பிடித்துப் பிடித்து இழுக்கும், நாலைந்து முறை ஓட்டியதும் வழுக்க ஆரம்பிக்கும், அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். அழுக்கான பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிவிடுங்கள். கிளே கீழே தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், பானெட் முழுக்கக் கோடு இழுத்துவிடும். கிளே போட்ட இடத்தில் பழைய சீலன்ட்டும் போய்விடும் என்பதால் புது கோட் கட்டாயம். பை சோதனையில் வழவழப்பாக இருந்தால் கிளே வேண்டவே வேண்டாம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் அது பெரும்பாலும் தேவைப்படாது.

கடைசியாக, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 முதல் 20 சதவீதம் வருமாறு கலந்து துணியில் தெளித்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மிச்ச வேக்ஸும் போகும். வேக்ஸ் மேல் சீலன்ட் ஒட்டாது, சீலன்ட் மேல் வேக்ஸ் போடலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

படி 3: போடுவது

நிழல் வேண்டும். கார் சூடாக இருக்கக் கூடாது, புறங்கையை பானெட்டில் வைத்தால் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். சூட்டில் போட்டால் சீலன்ட் பாதியிலேயே காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைத்து எடுப்பதற்குள் கை விட்டுப்போகும்.

பானெட்டைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே சீலன்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நிற்கும். ஃபோம் பேடில் ஒரு சின்ன நாணயம் அளவு விட்டு, பானெட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் முதலில் தடவுங்கள். தடவியது கண்ணுக்கே தெரியவில்லையே என்று தோன்றினால் அளவு சரி. புதிதாகச் செய்பவர்கள் எல்லோருமே இங்கேதான் அள்ளித் தடவுகிறார்கள். பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம்தான் நிற்கும், மீதி எல்லாம் துணியோடு போய்விடும். தடியாகப் போட்டால் அதிக நாள் வராது, துடைக்கும் வேலைதான் அதிகம்.

லேசாக மங்கியதும் விரல் நுனியால் ஒரு சின்னக் கோடு இழுங்கள். கோடு தெளிவாக, பளிச்சென்று வந்தால் துடைக்கலாம். ஈஷிக்கொண்டு வந்தால் இன்னும் சில நிமிடம் விடுங்கள். சில சீலன்ட்களைக் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும், இந்த ஒரு விஷயத்துக்கு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் நிறைந்ததும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பித் திருப்பித் துடையுங்கள்.

படி 4: காத்திருப்பது

பாலிமர் சீலன்ட் துடைத்து முடித்ததும் வேலையை முடித்துக்கொள்ளாது, உள்ளுக்குள் இறுகிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. மழை வருகிற நாளில் போடாதீர்கள், இரவுப் பனிகூட வேண்டாம். இரண்டாவது கோட் போட ஆசை என்றால் சில மணி நேரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். அது கனத்தைக் கூட்டுவதற்கு இல்லை, முதல் கோட்டில் விட்டுப்போன இடங்களை மூடுவதற்கு. மூன்றாவது, நான்காவது எல்லாம் வீண்.

போட்ட தேதியை போனில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் வையுங்கள், சீலன்ட் போடுவதற்கு அல்ல, தண்ணீர் சோதனை செய்வதற்கு. இரண்டு சுற்று போனால் உங்கள் காருக்கு எத்தனை மாதம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

சில விதிவிலக்குகள்

இடித்து, பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்கு உடனே சீலன்ட் போடாதீர்கள். பெயின்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாக வேண்டும், வழக்கமாக 30 நாளிலிருந்து 90 நாள் வரை விடச் சொல்வார்கள், அடித்தவரிடமே கேட்டுவிடுவது நல்லது. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, அதன் பெயின்ட் அடுப்புச் சூட்டில் இறுகித்தான் வெளியே வருகிறது.

பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் என்றால் அதற்கென்று செய்த சீலன்ட் மட்டும்தான். சாதாரணமானது அங்கங்கே மினுக்குத் திட்டுகளை விட்டுவிடும், பாலிஷ் போட்டும் சரிசெய்ய முடியாது.

கிளியர் கோட் ஏற்கெனவே வெளுத்து, தோல் தோலாக உரிகிற காருக்கு எந்த சீலன்ட்டும் உதவாது. அந்தப் பாட்டில் காசைச் சேர்த்து வைத்து அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்துவிடுங்கள், அப்புறம் மேலே சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் படி 2-லிருந்து தொடங்கலாம்.