கனடாவில் தீயணைப்புத் தொண்டரா? வரிச் சலுகையை விடாதீர்கள்

உவர்மலையிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ கனடாவுக்குப் போன பிள்ளை அங்கே தீயணைப்புத் தொண்டராக இருந்தால், அடுத்த தொலைபேசி அழைப்பில் இதைச் சொல்லிவிடுங்கள். ஆண்டில் 200 மணித்தியாலம் சேவை செய்தவர் மத்திய வரிப்படிவத்தின் 31220ஆம் இலக்க வரிசையில் 6,000 டொலர் கோரலாம். 2023 வரை 3,000தான். முழுத்தொகையும் கைக்கு வராது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் வரி அதிகபட்சம் 900 டொலர் குறையும். வரியே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. தீயை அணைக்க ஓடுவது மட்டுமன்றி, அழைப்புக்குக் காத்திருப்பது, பயிற்சி, கூட்டம் எல்லாமே அந்த 200 மணித்தியாலக் கணக்கில் சேரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்! தீயணைப்புத் தலைவரிடம் உறுதிக்கடிதம் வாங்கி வைப்பது நல்லது. நகரசபை தரும் கொடுப்பனவில் 1,000 டொலருக்கு வரிவிலக்குப் பெற்றால் இந்தச் சலுகை கிடைக்காது. எது லாபம் என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும்.