கொல்லிமலைக்கு ஒரு நாள்

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வெயில் ஏறும் முன்பே கடந்துவிடுங்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு வண்டியில் உட்காராதீர்கள். நாற்பதாவது வளைவில் என் தம்பி பட்ட பாடு போதும்.

மேலே போனதும் நேராக ஆகாய கங்கை அருவி. அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது சிரிப்புதான்; ஏறும்போது முழங்கால் கணக்குக் கேட்கும். தண்ணீர் பாட்டிலும் மாற்றுத்துணியும் கட்டாயம். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்குக்குத்தான் சாப்பாடு. மழைக்காலத்தில் அருவிக்கு விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

ஏறிவந்த களைப்புக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப், மிளகு தூக்கலாக. அப்புறம் சோளக்காடு சந்தையில் அன்னாசியும் மலைவாழையும் வாங்கலாம். பலா சீசன் என்றால் டிக்கியில் இடம் விட்டு வையுங்கள். இருட்டும் முன் மலை இறங்கிவிடுங்கள்.