குளிர்காலத்தில் ரோஸ்மேரி செடியைக் காப்பாற்றும் முறை

என் முதல் ரோஸ்மேரி குளிர்காலத்தில் செத்தபோது, பனிதான் காரணம் என்று நினைத்தேன். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வேரெல்லாம் கறுத்து, விரலால் தொட்டதுமே தோல் கழன்று வந்தது. இலை தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தாகம் என்று நினைத்து, தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மத்தியதரைக் கடலோரத்தின் காய்ந்த, கல்லும் மண்ணுமான சரிவுகளில் வளர்ந்த செடி இது. ஓரளவு குளிரைத் தாங்கிக்கொள்ளும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது.

முதல் வேலை: உறைபனி தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே கவாத்தையும் (கிளை வெட்டுவதையும்) உரத்தையும் நிறுத்திவிடுங்கள். இரண்டுமே இளந்தளிரைக் கிளப்பிவிடும், பனியில் முதலில் கருகுவதும் அந்தத் தளிர்தான்.

அடுத்து, உள்ளேயா வெளியேயா? தரையில் வேர் பிடித்து நிற்கும் செடி ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கும். 'ஆர்ப்' போன்ற ரகங்கள் இன்னும் கடுமையான குளிரையும் தாங்கும். படரும் ரகங்கள் கொஞ்சம் மென்மையானவை. தொட்டிச் செடிக்கு எல்லாப் பக்கமும் குளிர் ஏறுவதால், அதைச் சீக்கிரமே உள்ளே எடுத்துவிடுங்கள். வெளியிலேயே விடும் செடியைச் சுற்றிக் காய்ந்த இலைச் சருகு மூடாக்குப் போடலாம், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். அங்கே சரளைக் கல் பரப்பினால் ஈரம் தங்காது.

உள்ளே வைக்கும் இடம்: வீட்டிலேயே வெயில் அதிகம் விழும் ஜன்னலோரம், ஆனால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். 10 முதல் 15 டிகிரி வரை இருக்கும் அறை அதற்கு ரொம்பப் பிடிக்கும். வெப்பமான அறையில் வெளிச்சமும் குறைவாக இருந்தால் கிளைகள் வெளிறி, ஒல்லியாக நீண்டுபோகும். வெயில் போதாவிட்டால் செடி வளர்ப்புக்கான விளக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.

தண்ணீர்: இதில் மட்டும் அவசரமே கூடாது. விரலை மண்ணுக்குள் 3 சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை, காய்ந்ததும் ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். சில வாரங்களில் கனத்தை வைத்தே கை சொல்லிவிடும். அதற்காக முழுக்கக் காயவும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய ஊசி இலை என்பதால் வாட்டம் வெளியே தெரிவதற்குள் வேர் போய்விடும்.

இலையில் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். செடிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மெல்லிய நூலாம்படையும் புள்ளிப் புள்ளியாக வெளிறிய இலையும் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

குளிர் விலகியதும் ஒரே நாளில் வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம். செடி செத்ததுபோல் தெரிந்தாலும் பிடுங்கிவிட வேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டுங்கள், இலையில்லாத முதிர்ந்த கட்டை வரை போனால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர் வராது.